நடுத்தர செடான் கார்களில் எரிபொருள் நுகர்வு: ஒப்பிடும் முறை எது?

2023-24ஆம் ஆண்டில் இந்தியாவின் கச்சா எண்ணெய்த் தேவையில் 87 சதவீதத்துக்கு மேற்பட்ட பகுதி இறக்குமதியால் நிறைவு செய்யப்பட்டது. அவ்வாண்டில் நாட்டின் பெட்ரோல் நுகர்வு சுமார் 3.7 கோடி டன். டீசல் நுகர்வு சுமார் 9 கோடி டன். இவ்வளவு பெரிய தேவைக்கு அயல்நாடுகளை நம்பியிருப்பதன் ஆபத்தை 1973ஆம் ஆண்டே உணர்த்தியது. அவ்வாண்டு அக்டோபரில் மேற்காசியாவில் போர் மூண்டது. பீப்பாய்க்கு 3 டாலர் அளவில் இருந்த எண்ணெய் விலை சில மாதங்களில் 12 டாலரை நெருங்கியது. அன்று முதல் எண்ணெய்ச் சிக்கனம் நமது அன்னியச் செலாவணிப் பிரச்சினையின் ஓர் அங்கமாகிவிட்டது. 1978ல் பெட்ரோலியச் சேமிப்பு ஆராய்ச்சிச் சங்கம் அமைக்கப்பட்டது. 2001ல் எரிசக்திச் சேமிப்புச் சட்டம் இயற்றப்பட்டது. 2002ல் எரிசக்தித் திறன் பணியகம் நிறுவப்பட்டது. இவையனைத்தும் இந்த உணர்வின் விளைவுகளே.

சிக்கனம் வேண்டும் என்பதில் கருத்து வேற்றுமை இல்லை. ஆனால் எந்த வாகனம் சிக்கனமானது என்பதை எவ்வாறு முடிவு செய்வது? "லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர்?" என்பதே பொதுவாகக் கேட்கப்படும் கேள்வி. மக்கள் வழக்கில் மைலேஜ் எனப்படும் இந்த ஒற்றை எண், பயனுள்ளதாயினும், தனியே எடுத்துக்கொண்டால் தவறான முடிவுக்கு இட்டுச் செல்லக்கூடியது. தன் பணத்தில் கார் வாங்கும் குடும்பத்தினரும், பொதுப்பணத்தில் அலுவலக வாகனம் வாங்கும் அதிகாரியும் இதனை அறிந்திருத்தல் நலம்.

இதை விளக்க நடுத்தர செடான் கார்கள் பொருத்தமான உதாரணமாகும். மாருதி சுசூகி சியாஸ், ஹோண்டா சிட்டி, ஹூண்டாய் வெர்னா, ஸ்கோடா ஸ்லாவியா, ஃபோக்ஸ்வாகன் விர்டஸ் ஆகியவை இவ்வகுப்பைச் சேர்ந்தவை. இவற்றுள் சியாஸின் உற்பத்தி 2025ல் நிறுத்தப்பட்டது. இவை அனைத்தும் நான்கரை மீட்டரை ஒட்டிய நீளம் உடையவை, ஐவர் அமரக்கூடியவை, 1 லிட்டர் முதல் 1.5 லிட்டர் வரை கொள்ளளவுள்ள எஞ்சின் கொண்டவை. ஏறக்குறைய ஒரே பணியைச் செய்யும் வாகனங்கள் என்பதால், இவற்றிடையே காணும் வேறுபாடுகளின் காரணங்களைத் தனித்தனியே பிரித்தறிய முடிகிறது.

சோதனைக்கூட எண்

விளம்பரங்களில் காணப்படும் எண் சாலையில் அளக்கப்பட்டதன்று. புனேயில் 1966ல் தொடங்கப்பட்ட இந்திய வாகன ஆராய்ச்சிச் சங்கம் போன்ற அங்கீகாரம் பெற்ற அமைப்புகள் சோதனைக்கூடத்தில் அளந்து தருவது அது. காரின் சக்கரங்கள் உருளைகளின் மீது நிறுத்தப்படுகின்றன. ஓட்டுநர், முன்னரே வகுக்கப்பட்ட வேக அட்டவணையை நொடிக்கு நொடி பின்பற்றி வண்டியை இயக்குகிறார். காற்றின் எதிர்ப்பும் வண்டியின் எடையும் ஏற்படுத்தும் சுமை உருளைகளின் வழியாகவே தரப்படுகிறது. வெளிவரும் புகையிலுள்ள கரியமில வாயு முதலியவற்றை அளந்து, எரிந்த எரிபொருளின் அளவைக் கணக்கிடுகின்றனர்.

மேலே கூறிய கார்கள் இவ்வாறு சோதிக்கப்பட்ட வேக அட்டவணை, ஐரோப்பாவில் முன்பு வழக்கிலிருந்த அட்டவணையை இந்தியச் சூழலுக்கேற்ப மாற்றியமைத்ததாகும். அது சுமார் 20 நிமிடம் நீடிப்பது. 10 கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட தொலைவைக் கொண்டது. அதன் உச்ச வேகம் மணிக்கு 90 கிலோமீட்டர். சராசரி வேகம் மணிக்கு 32 கிலோமீட்டர் அளவு. வேகம் மெதுவாகவே கூட்டப்படுகிறது. மேடு பள்ளம் இல்லை, எதிர்காற்று இல்லை, ஏ.சி. இயக்கப்படுவதும் இல்லை. ஆகவே சாலையில் கிடைக்கும் எண் இதைவிடக் குறைவாக இருப்பதில் வியப்பில்லை.

சாலையில் கிடைக்காத எண்ணால் என்ன பயன் என்று கேட்கலாம். அனைத்துக் கார்களும் ஒரே தேர்வை எழுதியிருக்கின்றன என்பதே அதன் பயன். அந்த எண் உறுதிமொழி அன்று. ஒப்பீட்டுக்கான அளவுகோல் மட்டுமே.

ஏழு கார்கள், இரண்டு அளவுகள்

அந்தந்த மாடல் விற்பனைக்கு வந்தபோது அறிவிக்கப்பட்ட சோதனை எண்களையும், அவற்றிலிருந்து கணக்கிட்ட நூறு கிலோமீட்டர் நுகர்வையும் கீழ்க்காணும் அட்டவணை காட்டுகிறது.

| கார் | லிட்டருக்குக் கி.மீ. | 100 கி.மீ.க்கு லிட்டர் |
|---|---|---|
| ஹோண்டா சிட்டி 1.5 பெட்ரோல், மேனுவல் (2020) | 17.8 | 5.62 |
| ஹோண்டா சிட்டி 1.5 பெட்ரோல், ஆட்டோமேட்டிக் (2020) | 18.4 | 5.43 |
| ஹூண்டாய் வெர்னா 1.5 பெட்ரோல், மேனுவல் (2023) | 18.6 | 5.38 |
| ஸ்கோடா ஸ்லாவியா 1.0 டர்போ பெட்ரோல், மேனுவல் (2022) | 19.47 | 5.14 |
| மாருதி சியாஸ் 1.5 பெட்ரோல், மேனுவல் (2020) | 20.65 | 4.84 |
| ஹோண்டா சிட்டி 1.5 டீசல், மேனுவல் (2020) | 24.1 | 4.15 |
| ஹோண்டா சிட்டி 1.5 பெட்ரோல் ஹைபிரிட் (2022) | 26.5 | 3.77 |

டீசலையும் ஹைபிரிட்டையும் ஒதுக்கிவிட்டால், எஞ்சிய ஐந்து பெட்ரோல் கார்களில் மிகச் சிக்கனமானதற்கும் மிகக் குறைந்த சிக்கனமுடையதற்கும் உள்ள இடைவெளி 100 கிலோமீட்டருக்கு 0.78 லிட்டர். ஆண்டுக்கு 12,000 கிலோமீட்டர் ஓடும் காருக்கு இது சுமார் 94 லிட்டர் வேறுபாடாகும். இது புறக்கணிக்கத்தக்கதன்று, எனினும் விளம்பரங்கள் காட்டும் அளவுக்குப் பெரிதும் அன்று. இதே சிட்டியின் ஆட்டோமேட்டிக் வகைக்கும் ஹைபிரிட் வகைக்கும் இடையிலுள்ள வேறுபாடு 1.66 லிட்டர். அதாவது, போட்டியிடும் நிறுவனங்களின் பெட்ரோல் கார்களுக்கிடையே உள்ள வேறுபாட்டைவிட, ஒரே காரின் இரண்டு வகைகளுக்கிடையே உள்ள வேறுபாடு இருமடங்குக்கு மேல்.

தலைகீழ் எண்ணின் மயக்கம்

அட்டவணையின் இரண்டாம் அளவு எதற்கு? லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்பது தலைகீழ் அளவு. பயணத்தின் தொலைவு பெரும்பாலும் தேவையால் முடிவாகிறது. மாறுவது எரிபொருளின் அளவே. எனவே, குறித்த தொலைவுக்கு எத்தனை லிட்டர் என்று கேட்பதே முறை.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். லிட்டருக்கு 10 கிலோமீட்டர் தரும் பழைய காரை நீக்கி, 12.5 கிலோமீட்டர் தரும் காரை ஓர் அலுவலகம் வாங்குகிறது. மற்றோர் அலுவலகம் 20 கிலோமீட்டர் தரும் காரை நீக்கி, 25 கிலோமீட்டர் தரும் காரை வாங்குகிறது. இரண்டாவது அலுவலகமே அதிகம் சேமித்ததாகத் தோன்றும். கணக்கிட்டால், முதல் அலுவலகம் 100 கிலோமீட்டருக்கு 10 லிட்டரிலிருந்து 8 லிட்டருக்கு இறங்கி 2 லிட்டரைச் சேமிக்கிறது. இரண்டாவது 5 லிட்டரிலிருந்து 4 லிட்டருக்கு இறங்கி 1 லிட்டரையே சேமிக்கிறது. எந்த வாகனத்தை முதலில் மாற்றவேண்டும் என்ற கேள்விக்கு, அதிகம் விழுங்கும் வாகனத்தையே என்பதுதான் விடை.

சராசரி காண்பதிலும் இந்த மயக்கம் உண்டு. ஓர் அலுவலகத்தில் இரண்டு கார்கள். ஒன்று லிட்டருக்கு 12 கிலோமீட்டரும், மற்றொன்று 24 கிலோமீட்டரும் தருகின்றன. சராசரி 18 என்று பதிவேட்டில் எழுதிவிடுவது எளிது. இரண்டும் மாதம் 1,200 கிலோமீட்டர் ஓடினால், முதற்காருக்கு 100 லிட்டர், இரண்டாவதற்கு 50 லிட்டர். ஆக 2,400 கிலோமீட்டருக்கு 150 லிட்டர். உண்மையான சராசரி 16 மட்டுமே. 18 என்ற சராசரியை நம்பி எரிபொருளுக்கு நிதி ஒதுக்கினால், ஆண்டு முடிவதற்கு முன்னரே ஒதுக்கீடு தீர்ந்துவிடும்.

லிட்டர்கள் அனைத்தும் சமமல்ல

இரண்டாவது மயக்கம் எரிபொருளைப் பற்றியது. ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 32 மெகாஜூல் ஆற்றல் உள்ளது. ஒரு லிட்டர் டீசலில் சுமார் 36 மெகாஜூல். பெட்ரோல் ஒரு லிட்டர் எரிந்தால் 2.3 முதல் 2.4 கிலோகிராம் கரியமில வாயு வெளியாகிறது. டீசல் ஒரு லிட்டருக்கு 2.6 முதல் 2.7 கிலோகிராம். எனவே டீசல் லிட்டரைப் பெட்ரோல் லிட்டருடன் நேருக்கு நேர் ஒப்பிடுவது பொருந்தாது. சுமார் 12 சதவீதம் கூட்டிப் பெட்ரோல் அளவுக்கு மாற்றிய பின்னரே ஒப்பிடவேண்டும்.

அட்டவணையில் சிட்டி டீசலின் நுகர்வு 4.15 லிட்டர். மேனுவல் பெட்ரோல் வகையைவிட இது 26 சதவீதம் குறைவு எனத் தோன்றுகிறது. பெட்ரோல் அளவுக்கு மாற்றினால் டீசலின் நுகர்வு 4.65 லிட்டர் ஆகும். அப்போது வேறுபாடு 17 சதவீதமாகக் குறைகிறது. டீசல் எஞ்சினின் திறன் மேம்பட்டது என்பது உண்மையே. ஆனால் எண் காட்டும் அளவுக்கு அன்று. வாகனப் புகை விதிகள் 2020லும் 2023லும் கடுமையாக்கப்பட்ட பின்னர், சிறிய டீசல் எஞ்சின்களில் புகையைத் தூய்மைப்படுத்தும் கருவிகளின் செலவு மிகுந்தது. மேலே கூறிய ஐந்து கார்களிலும் இன்று டீசல் வகை இல்லாமைக்கு இது ஒரு முக்கிய காரணம்.

எத்தனால் கலந்த பெட்ரோலுக்கும் இதே நியதி பொருந்தும். எத்தனாலின் ஆற்றல் லிட்டருக்குச் சுமார் 21 மெகாஜூல். அதாவது பெட்ரோலில் மூன்றில் இரண்டு பங்கு. 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 முதல் விற்பனைக்கு வந்தது. நிதி ஆயோக் 2021ல் வெளியிட்ட செயல்திட்ட அறிக்கை, எத்தனால் இல்லாத பெட்ரோலுக்காக வடிவமைக்கப்பட்டு 10 சதவீதக் கலவைக்கு ஏற்பச் சரிசெய்யப்பட்ட நான்கு சக்கர வாகனங்களில் சிக்கனம் 6 முதல் 7 சதவீதம் குறையலாம் எனவும், 10 சதவீதக் கலவைக்கென வடிவமைக்கப்பட்டு 20 சதவீதத்துக்குச் சரிசெய்யப்பட்டவற்றில் 1 முதல் 2 சதவீதமே குறையும் எனவும் மதிப்பிட்டது. உள்நாட்டில் விளையும் எரிபொருள் இறக்குமதி எண்ணெய்க்கு மாற்றாகிறது என்ற நன்மை இதனால் மறைந்துவிடாது. ஆனால் 2019ல் பெற்ற எண்ணையும் 2025ல் பெற்ற எண்ணையும் ஒப்பிடுவோர், பம்பில் கிடைக்கும் எரிபொருளே மாறியுள்ளதை நினைவிற்கொள்ள வேண்டும்.

வேறுபாட்டின் காரணங்கள்

ஒரே வகுப்பிலுள்ள கார்களிடையே வேறுபாடு தோன்ற மூன்று காரணங்களை முக்கியமாகக் கூறலாம்.

முதலாவது எடை. நகரில் ஒவ்வொரு முறையும் வண்டியை நிறுத்திப் புறப்படும்போது முழு எடையையும் மீண்டும் வேகப்படுத்த வேண்டியுள்ளது. சியாஸ் முன்னணியில் இருந்ததற்கு அதன் குறைந்த எடை ஒரு காரணம்.

இரண்டாவது எஞ்சினும் கியர் அமைப்பும். பெட்ரோல் எஞ்சின் குறைந்த சுமையில் இயங்கும்போது அதன் திறன் மிகவும் தாழ்ந்திருக்கும். ஸ்லாவியாவில் உள்ளது போன்ற சிறிய டர்போ எஞ்சின், அதே வேலையை ஒப்பளவில் அதிகச் சுமையில் செய்வதால் மென்மையான ஓட்டத்தில் சிக்கனம் தருகிறது. வேகமாக முடுக்கினால் அந்தச் சிக்கனம் மறைந்துவிடும். ஆட்டோமேட்டிக் கார்கள் அதிகம் குடிக்கும் என்ற பழைய நம்பிக்கையும் இப்போது முழுமையாகப் பொருந்துவதில்லை. சிட்டியில் ஆட்டோமேட்டிக் வகை மேனுவலைவிடச் சிக்கனமானது, ஸ்லாவியாவில் 19.47க்கு எதிராக 18.07 என்று ஆட்டோமேட்டிக் பின்தங்குகிறது. பெயரைக்கொண்டு அன்றி, அமைப்பைக்கொண்டே முடிவு செய்யவேண்டும்.

மூன்றாவது, வீணாகும் ஆற்றலை மீட்பது. சாதாரணக் காரில் பிரேக் பிடிக்கும்போது இயக்க ஆற்றல் முழுவதும் வெப்பமாக வீணாகிறது. ஹைபிரிட் காரில் அதன் ஒரு பகுதியை மோட்டார் மின்சாரமாக மாற்றி பேட்டரியில் சேமிக்கிறது. நெரிசலில் எஞ்சின் தானே நின்றுவிடுகிறது. கூடுதல் சாதனங்களால் எடை மிகுந்தபோதிலும் நுகர்வு 30 சதவீதம் குறைவது இதனால்தான். இந்த நன்மை நகரில் அதிகம். சீரான வேகத்தில் செல்லும் நெடுஞ்சாலைப் பயணத்தில் குறைவு.

சாலையில் அளக்கும் முறை

சாலையில் நுகர்வை மாற்றும் காரணிகள் பல. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்வதால், மணிக்கு 80 கிலோமீட்டரிலிருந்து 100க்குச் செல்லும்போது அந்த எதிர்ப்பு 56 சதவீதம் கூடுகிறது. நின்ற நிலையில் ஓடும் எஞ்சின் மணிக்கு அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை எரிக்கக்கூடும். டயரில் காற்று குறைந்தாலும், ஏ.சி. தொடர்ந்து இயங்கினாலும் நுகர்வு உயரும். பெட்ரோல் கார்களிடையே கண்ட 0.78 லிட்டர் இடைவெளியை ஓட்டுநரின் பழக்கம் ஒன்றே அழித்துவிட முடியும்.

எனவே அலுவலகங்கள் தம் வாகனங்களின் உண்மை நுகர்வை அறிய எளிய முறை ஒன்றைக் கையாளலாம். தொட்டி நிரம்பும் வரை எரிபொருள் நிரப்பி, மீட்டர் எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். குறைந்தது 1,000 கிலோமீட்டர் ஓடும் வரை, இடையில் நிரப்பும் ஒவ்வொரு லிட்டரையும் பதிவு செய்யவேண்டும். இறுதியில் அதே பம்பில் மீண்டும் நிரப்பி, மொத்த லிட்டரைத் தொலைவால் வகுத்து நூறால் பெருக்கினால் நூறு கிலோமீட்டர் நுகர்வு கிடைக்கும். ஒருமுறை நிரப்பியதைக் கொண்டு முடிவு கூறலாகாது. இரு கார்களை ஒப்பிடுவதாயின், வழித்தடமும் ஓட்டுநரும் பருவமும் ஒத்திருக்க வேண்டும். லாக் புத்தகத்தில் கிலோமீட்டரும் லிட்டரும் ஏற்கெனவே பதிவாகின்றன. இம்முறையில் அவற்றை மாதந்தோறும் கணக்கிட்டால், பழுதடைந்து வரும் வாகனத்தைக் காலத்தில் கண்டுகொள்ளவும் முடியும்.

வாங்குவோர் கணக்கும் நாட்டின் கணக்கும்

ஹைபிரிட் வகைக்குக் கூடுதலாக 4 லட்சம் ரூபாய் விலை என்றும், பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்றும் கணக்கின் எளிமைக்காக வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 12,000 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு ஆட்டோமேட்டிக் பெட்ரோல் வகையைவிடச் சுமார் 199 லிட்டர் மிச்சமாகும். ஏறத்தாழ 20,000 ரூபாய் வீதம் கூடுதல் விலை திரும்பிவர 20 ஆண்டுகள் ஆகும். ஆண்டுக்கு 40,000 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு 664 லிட்டர் மிச்சம்; ஆறு ஆண்டுகளில் விலை திரும்பிவிடும். ஒரே கார் ஒருவருக்கு ஆடம்பரமாகவும் மற்றவருக்குச் சிக்கனமாகவும் அமைகிறது. தீர்மானிப்பது மைலேஜ் அன்று, ஆண்டுத் தொலைவு.

நாட்டின் கணக்கு சற்று வேறானது. வாங்குபவர் தரும் பெட்ரோல் விலையில் ஒரு பகுதி மத்திய, மாநில வரிகள். அவை சமுதாயத்தினுள்ளேயே கைமாறும் தொகை. நாட்டுக்கு ஏற்படும் செலவன்று. மறுபுறம், அன்னியச் செலாவணி நெருக்கடியும் காற்று மாசும் அந்த விலையில் முழுமையாக இடம்பெறுவதில்லை. தனிநபருக்கு லாபமில்லாத சேமிப்பு நாட்டுக்கு லாபமாகவும், சில வேளைகளில் இதற்கு மாறாகவும் இருக்கலாம். வரி விதிப்பிலும் இது கவனத்துக்குரியது. 2025 செப்டம்பர் 22 முதல் நடைமுறைக்கு வந்த சரக்கு சேவை வரி விகிதங்களின்படி, 4 மீட்டருக்கு மேற்பட்ட நீளமுள்ள கார்களுக்குப் பெட்ரோல் ஆயினும் ஹைபிரிட் ஆயினும் 40 சதவீத வரியே. நீளமும் எஞ்சின் கொள்ளளவும் வரியை நிர்ணயிக்கின்றன. எரியும் லிட்டர் அன்று.

நிறுவனச் சராசரி விதி

லிட்டரையே அளவாகக்கொண்ட விதி ஒன்றும் நம் நாட்டில் உண்டு. 2017-18 முதல் ஒவ்வொரு கார் நிறுவனமும் தான் விற்கும் கார்களின் சராசரி நுகர்வைக் குறித்த வரம்புக்குள் வைத்திருக்க வேண்டும் எனப் பணிக்கப்பட்டது. இந்த விதி, எல்லா எரிபொருளையும் பெட்ரோல் அளவுக்கு மாற்றி, நூறு கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்றே கணக்கிடுகிறது. 2022-23ல் தொடங்கிய இரண்டாம் கட்டத்தில், சராசரி எடை 1,145 கிலோகிராம் உள்ள நிறுவனத்துக்கு வரம்பு 4.77 லிட்டர், எடை 100 கிலோகிராம் கூடினால் வரம்பும் 0.2 லிட்டர் தளர்கிறது. 2022ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம், வரம்பை 0.2 லிட்டர் வரை மீறினால் வாகனம் ஒன்றுக்கு 25,000 ரூபாயும், அதற்கு மேல் 50,000 ரூபாயும் அபராதம் விதிக்க வகைசெய்தது.

இந்த அளவுகோலை அட்டவணையின் மீது வைத்துப் பார்க்கலாம். சாதாரணப் பெட்ரோல் செடான்கள் ஐந்தும் 4.77 லிட்டருக்கு மேலேயே நிற்கின்றன. ஹைபிரிட் அதற்கு வெகுவாகக் கீழே உள்ளது. விதி நிறுவனச் சராசரிக்கே பொருந்துவதால், தனி மாடல் ஒன்று வரம்பை மீறுவது குற்றமாகாது. ஆனால் அதனை விற்கும் நிறுவனம் சிறிய கார்களாலோ, ஹைபிரிட், மின்சாரக் கார்களாலோ அதனை ஈடுசெய்தாக வேண்டும். வாங்குபவரின் தேர்வு நிறுவனத்தின் சராசரியையும், அதன் வழியே நாட்டின் எண்ணெய்த் தேவையையும் தொடுகிறது.

இங்கு மற்றொன்றும் நோக்கத்தக்கது. பயணிகள் வாகன விற்பனையில் பயன்பாட்டு வாகனங்களின் பங்கு 2022-23ல் பாதியைத் தாண்டியது. உயரமான, எடை மிகுந்த இவ்வாகனங்கள், ஒத்த எஞ்சின் கொண்ட செடானைவிடக் காற்றின் எதிர்ப்பை அதிகம் சந்திக்கின்றன. எடைக்கேற்ப வரம்பு தளர்வதால், வரம்புக்கு உட்பட்டிருந்தும் மொத்த நுகர்வு உயர இடமுண்டு. சிக்கனமான எஞ்சினால் கிட்டிய ஆதாயத்தைப் பெரிய வண்டி விழுங்கிவிட்டால் இறக்குமதி குறையாது.

சரியான ஒப்பீட்டுக்கு நான்கு விதிகள் போதும். ஒரே சோதனையின் எண்களை மட்டுமே ஒப்பிடவேண்டும். லிட்டருக்குக் கிலோமீட்டரை நூறு கிலோமீட்டருக்கு லிட்டராக மாற்றவேண்டும். எரிபொருள் வேறானால் பெட்ரோல் அளவுக்குச் சமப்படுத்த வேண்டும். இறுதியில் ஆண்டுத் தொலைவால் பெருக்கி மொத்த லிட்டரைக் காணவேண்டும். இவற்றுக்குப் பள்ளிக் கணக்குக்கு மேற்பட்ட அறிவு தேவையில்லை. கொள்முதல் குறிப்பில் மைலேஜ் என்ற ஒரு பத்தியுடன் ஆண்டு லிட்டர் என்ற மற்றொரு பத்தியையும் சேர்த்தால், அலுவலகத்தின் முடிவும் நாட்டின் தேவையும் ஒரே திசையில் செல்ல வழி பிறக்கும்.